கோட்டானுக்கு ஒரு கேமரா

"கம்ப நட்டா கோட்டான் வந்து உக்காந்துடுமா மச்சான்? யாரு பாத்தா?"

என் தங்கை வீட்டுக்காரர் இப்படிக் கேட்டது போன ஐப்பசியில். மழை பிடித்துக்கொண்டதால் கடையில் ஆள் இல்லை. மன்னார்குடி பந்தலடிக்குப் பக்கத்துச் சந்தில் 31 வருஷமாக டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு வடுவூர் சாலையில் ஒன்பது மா நிலம், ஏக்கர் கணக்கில் 3. சம்பா நட்டு பயிர் தூர் கட்டும் சமயத்தில் எலி இறங்கிவிட்டது. வரப்போரம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நடு வயலில் கிண்ணம் கவிழ்த்தது போல் வட்டமாக வெட்டிப் போட்டிருக்கும்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பழைய வைத்தியம் தஞ்சாவூர் கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்து, சுருக்குக் கயிறு பூட்டி, உள்ளே இரை வைப்பார்கள். சாயங்காலம் வைத்தால் விடியலில் எலி கழுத்து நெரிந்து கிடக்கும். கிட்டிக்காரருக்கு எலிக்கு இவ்வளவு என்று கூலி. வேளாண்மை அதிகாரிகள் சொல்வது இன்னொன்று: ஆங்கில 'டி' எழுத்துப் போல குறுக்குச் சட்டம் அடித்த கம்புகளை வயலில் நடுங்கள், ராத்திரி ஆந்தை வந்து உட்கார்ந்து எலியைப் பிடிக்கும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயலில் மாப்பிள்ளை வயல் ஓரத்துப் புளியமரமும் நாலு தென்னையும் சாய்ந்ததிலிருந்து அங்கே ஆந்தைச் சத்தமே கேட்பதில்லையாம். அதனால்தான் அந்தக் கேள்வி.

பக்கத்தில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்த தங்கை மகன், "கேமரா வச்சுப் பாத்துடலாம் மாமா" என்றான். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். எனக்கும் கை துறுதுறுத்தது. 2006-இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கிய பிறகு நாள் முழுக்க பிக்சர் ட்யூப் டி.வி.யாகப் பிரித்துப் போட்ட காலம் ஒன்று உண்டு. இப்போது வருவதெல்லாம் பேனல் போன எல்.ஈ.டி. டி.வி.; மாற்றச் சொன்னால் புது டி.வி. விலை கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இப்படிக் கேமரா வைத்துப் பார்ப்பதில் ஒரு பழைய கதை உண்டு. 1991-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் காபிப் பாத்திரம் ஓர் அறையில், ஆட்கள் வேறு மாடிகளில். படியேறிப் போனால் பாத்திரம் காலி. கடுப்பான இரண்டு பேர் பாத்திரத்தின் முன்னால் ஒரு கேமராவை நிறுத்தி, படத்தைத் தங்கள் மேசைக் கணினியில் வர வைத்தார்கள். அகலம் 128 புள்ளி, உயரம் 128 புள்ளி, கறுப்பு வெள்ளை. உலகின் முதல் வெப்கேம் அதுதான். எங்களுக்கும் வீண் நடைதான் பிரச்சினை. ராத்திரி இரண்டு மணிக்குச் சேற்றில் இறங்கி, கம்பில் ஆந்தை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் இருந்ததும் பறந்துவிடும்.

பையன் வரவழைத்தது ஈ.எஸ்.பி.32 கேம் என்ற போர்டு. கூரியர், யு.எஸ்.பி. அடாப்டர் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள். ஒரு காலத்தில் இப்படிச் சாமான் வேண்டுமென்றால் ராத்திரி ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும். போர்டு 40 மில்லிமீட்டர் நீளம், 27 அகலம், தீப்பெட்டிக்குள் போய்விடும். அதிலேயே வைஃபை, மெமரி கார்டு போட ஒரு சந்து, வெள்ளை ஃபிளாஷ் விளக்கு. கேமரா தனியாக, சுண்டுவிரல் நகம் அளவில், ஒரு ரிப்பன் வாலோடு வருகிறது. அதன் சில்லின் பெயர் ஓ.வி.2640. 1600-க்கு 1200, அதாவது 19 லட்சம் புள்ளி.

அந்தப் புள்ளிகள் என்ன செய்கின்றன? சிலிகான் மேல் வெளிச்சம் விழுந்தால் மின்சாரம் பிறக்கும். 2015 பிப்ரவரியில் ராஸ்பெரி பை 2 என்ற சின்னக் கணினி வந்தபோது வேடிக்கை ஒன்று நடந்தது. அதை ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தால் அது அணைந்து போனது! போர்டில் கரன்ட் பகிரும் ஒரு சில்லுக்கு மேல்மூடி இல்லை. ஃபிளாஷ் வெளிச்சம் நேராக அதன் சிலிகானில் பட்டு, உள்ளே கணக்கு குழம்பிவிட்டது. மேலே ஒரு துளி ஒட்டுப் பசை வைத்து மூடினால் சரி. அங்கே கோளாறாக நடந்ததைக் கேமரா சில்லில் வேண்டுமென்றே 19 லட்சம் இடத்தில் நடத்துகிறார்கள். எந்தப் புள்ளியில் எவ்வளவு மின்சாரம் சேர்ந்தது என்று அளந்தால் படம்.

1990-களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபோசம் குழு, விண்கலத்துக்குச் சிறிய, கரன்ட் குறைவாகக் குடிக்கும் கேமரா வேண்டுமென்று உருவாக்கிய வழி இது. அதே ஆய்வகம் செய்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டர் 2021 ஏப்ரல் 19-இல் செவ்வாயில் பறந்தபோது, தரையைப் பார்த்து வழி கண்டுபிடித்த கேமராவின் சில்லு ஆம்னிவிஷன் நிறுவனத்தது. எங்கள் ஓ.வி.2640-ஐச் செய்கிற அதே நிறுவனம். அந்த ஹெலிகாப்டரின் தலைமைப் பொறியாளர் பாப் பலராம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அங்க எலி உண்டா?" என்று கேட்டார்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் நாள் போர்டைக் கணினியில் மாட்டி நிரல் ஏற்றினால், கேமராவையே காணோம் என்று பிழை காட்டியது. பையன் நிரலை நாலு தரம் மாற்றினான். நான் கடைக் கண்ணாடியை, அதுதான் வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் செருகும் பூதக்கண்ணாடியை, எடுத்து ரிப்பனைப் பார்த்தேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ரிப்பனில் 24 தடங்கள், இரண்டுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர். எட்டுத் தடம் படத்தைக் கொண்டுவரும், இரண்டு தடம் கேமராவுக்கு உத்தரவு கொண்டுபோகும், மீதி துடிப்பும் கரன்ட்டும் கிரவுண்டும். போர்டில் இருக்கும் கறுப்பு லாக்கை நகத்தால் மெதுவாக நெம்பினால் கதவு போல் நிமிரும். பிடுங்கக் கூடாது, ஒடிந்தால் மறு லாக் கிடைக்காது. ரிப்பனை நேராக உள்ளே விட்டு, பிறகுதான் லாக்கைச் சாய்க்க வேண்டும். பையன் லாக்கைச் சாய்த்தபடியே ரிப்பனைத் திணித்திருக்கிறான். பார்வைக்கு மாட்டியது போலத்தான் இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் இடது ஓரம் அரை மில்லிமீட்டர் வெளியே, வலது ஓரம் உள்ளே. ரிப்பன் மேலிருக்கும் கோடு கனெக்டரின் விளிம்புக்கு இணையாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் அடையாளம். கழற்றி நேராக விட்டு லாக் போட்டேன். படம் வந்தது. என் மேசை, சால்டரிங் அயர்ன், பையனின் மூக்கு.

ரிப்பனின் தங்க நிறப் பக்கம் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். ராஸ்பெரி பை 3, 4-இல் அது எச்.டி.எம்.ஐ. சாக்கெட் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். எதுவானாலும் கரன்ட்டை எடுத்துவிட்டுத்தான் மாட்டவும் கழற்றவும் வேண்டும். தொடுவதற்கு முன் தண்ணீர்க் குழாயையோ இரும்புக் கதவையோ ஒரு தரம் தொட்டுவிட்டு வாருங்கள். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் நமக்குத் தெரியாது, சில்லுக்குத் தெரியும்.

அடுத்த வம்பு கரன்ட். வைஃபை தொடங்கும் அந்த நொடி போர்டு படுத்துப் படுத்து எழுந்தது. கணினித் திரையில் 'பிரவுன் அவுட்' என்று ஓடியது. ஊரில் லோ வோல்டேஜ் என்போமே, அதேதான், 5 வோல்ட்டில். இந்தப் போர்டு சும்மா படம் எடுக்கும்போது 180 மில்லி ஆம்பியர், ஃபிளாஷும் எரிந்தால் 310 குடிக்கும். வைஃபை விழிக்கும் நொடியில் அதற்கும் மேல் ஒரு இழுப்பு. நாங்கள் போட்டிருந்தது தலைமுடி மாதிரி ஒயர். அதிலேயே வோல்டேஜ் விழுந்துவிட்டது. தடித்த ஒயராக மாற்றி, செத்த ஒரு ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி வைத்திருந்த 1000 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரைப் போர்டின் 5 வோல்ட்டிலும் கிரவுண்டிலும் வைத்து சால்டர் அடித்தேன். அந்த வம்பு நின்றுவிட்டது.

என் தொழிலில் பத்து செட் வந்தால் ஏழில் சப்ளை அல்லது டிரை சோல்டர்தான் கோளாறு. 'ஐ.சி. போச்சு' என்று மெக்கானிக் சொன்னால் பாதி நேரம் அவருக்குத் தேடச் சோம்பல் என்று அர்த்தம். கேமரா வேலையிலும் அப்படியே. இந்த இரண்டு மாதத்தில் கேமரா தானாகக் கெட்டது ஒரு தரமும் இல்லை. ஒன்றை நானே கெடுத்தேன். அதைச் சொல்கிறேன்.

ஆந்தை வருவது இருட்டில். வெள்ளை ஃபிளாஷ் அடித்தால் மறுநாள் வராது. அதனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம். புரியவில்லையென்றால் உங்கள் டி.வி. ரிமோட்டை எடுத்து, செல்போன் கேமராவை அதன் முனைக்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றுமில்லை, போன் திரையில் ஊதாவாக மினுங்கும். ரிமோட் உயிரோடு இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்பது இப்படித்தான். சில போன்களில் பின் கேமராவில் தெரியாது, முன் கேமராவில் தெரியும். காரணம், பகல் படத்தின் நிறம் கெடாமலிருக்க அகச்சிவப்பைத் தடுக்கும் குட்டிக் கண்ணாடி ஒன்றை லென்ஸுக்குப் பின்னால் வைக்கிறார்கள். எங்கள் கேமராவிலும் அது இருந்தது. எடுத்தாக வேண்டும்.

லென்ஸைச் சுற்றியிருந்த பசையைப் பிளேடால் கீறி, மூடி திருகுவது போல் திருகிக் கழற்றினேன். அடியில் எள்ளளவு பளபளப்பாக அந்தக் கண்ணாடி. ஊசியால் நெம்பினேன். நொறுங்கிச் சில்லின் மேலேயே கொட்டியது. ஊதிப் பார்த்தேன், பஞ்சால் தொட்டேன், தொட்டதுதான் தப்பு. அதற்கப்புறம் எந்தப் படத்திலும் குறுக்கே இரண்டு கீறல். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து வேலை செய்திருந்தால் துண்டுகள் மேசையில் விழுந்திருக்கும். மறு கேமராவை அந்தக் கண்ணாடியே இல்லாத, ராத்திரிக்கென்று விற்கும் வகையாகப் பார்த்து வாங்கினோம். நீங்களும் அதையே வாங்குங்கள்.

லென்ஸ் தூரத்துக்குப் பழக்கப்பட்டது. எங்களுக்கோ கேமராவுக்கும் கம்பின் சட்டத்துக்கும் 4 அடிதான். தினக்காலண்டர் தாளை 4 அடியில் மாட்டி, லென்ஸை இடப்பக்கமாக இம்மி இம்மியாகத் திருப்பினேன். தேதியின் விளிம்பு கத்தி போல் வந்ததும் நிறுத்தி, ஒரு சொட்டு நெயில் பாலிஷ். ராகு காலம் படிக்கக் கிடைக்கவில்லை. ஆந்தைக்கு அது போதும்.

வெளிச்சத்துக்கு, கண்ணுக்குத் தெரியாத எல்.ஈ.டி. 12. அதை ஓட்ட என் டப்பாவில் கிடந்த எஸ்.எல்.100 டிரான்சிஸ்டர். பையன் அதைப் பார்த்துச் சிரித்தான். அவன் பிறப்பதற்கு முன்னால் வாங்கியது. முழு நேரமும் போர்டு விழித்திருந்தால் 12 வோல்ட் 7 ஆம்பியர் யு.பி.எஸ். பேட்டரி 3 நாளைத் தாண்டாது. அதனால் போர்டைத் தூங்க வைத்து, உடல்சூடு அசைந்தால் மட்டும் எழுப்பும் பி.ஐ.ஆர். கண்ணை வைத்தோம். கடைகளில் ஆள் வந்தால் விளக்கு எரியுமே, அந்தக் கண்தான். தூங்கும்போது போர்டு குடிப்பது 6 மில்லி ஆம்பியர். தூங்கி எழுந்ததும் முதல் படம் பச்சையடித்து இருட்டாக வரும். கண் கூசி நிதானிப்பது போல அதற்கும் சில படம் பிடிக்கிறது. முதல் நாலைக் கீழே போட்டுவிட்டு ஐந்தாவதைச் சேமிக்கும்படி பையன் எழுதினான்.

ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றில் துளை போட்டு, உள்பக்கம் கண்ணாடி வில்லை ஒட்டி, எம்-சீல் பூசி, செருப்புப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் இரண்டை உள்ளே போட்டு, கார்த்திகை முதல் வாரம் வயலில் நட்டோம். வெயில் லென்ஸில் நேராக விழாமலிருக்க வடக்குப் பார்க்க.

மூன்றாம் நாள் கார்டை எடுத்து வந்தால் 600 படம். எல்லாம் பகல். பாதி, கரிச்சான், இரட்டைவால் குருவி என்பார்களே, அது. பூச்சி பிடிக்கக் காலையிலிருந்து சட்டத்தை விட்டு இறங்கவேயில்லை. மீதிப் படங்களில் களை பறிக்க வந்த பெண்கள். அதில் ஒரு அக்கா என்னைக் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, நாங்க குனிஞ்சு நிமிர்றத படம் புடிக்கவா அந்தப் பொட்டி?" எனக்கு முகம் செத்துவிட்டது. ஆந்தைக்கு வைத்தது, உங்கள் படம் வேண்டுமென்று விழவில்லை என்றெல்லாம் சொல்லி என்ன பிரயோஜனம்? விழுந்திருக்கிறதே. அன்றைக்கே அந்தப் படங்களை அழித்து, தெருவிளக்கைத் தானாகப் போட்டு அணைக்கும் எல்.டி.ஆர். ஒன்றை வைத்து, விடிந்தால் பெட்டிக்குக் கரன்ட்டே போகாதபடி செய்தேன். போய் அந்த அக்காவிடம் சொல்லிவிட்டும் வந்தேன்.

பிறகு ராத்திரிப் படம் வந்தது, வெறும் சட்டம். ஒரு படத்தில் மட்டும் சட்டத்தின் மேல் இரண்டு கால், ஓரத்தில் விரிந்த சிறகு. ஏதோ உட்கார்ந்திருக்கிறது, படம் எடுக்கும்போது பறந்திருக்கிறது. ஏன் என்று பிடிபடவில்லை. கடையில் விளக்கை அணைத்துவிட்டு, பி.ஐ.ஆர். முன்னால் கையை ஆட்டினேன். படம் கார்டில் எழுதப்படும் நேரத்தில் வெள்ளை ஃபிளாஷ் படபடவென்று அடித்தது! இந்தப் போர்டில் ஃபிளாஷ் விளக்குக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே தடம். கார்டுக்குத் தகவல் ஓடினால் விளக்கும் சேர்ந்து மினுங்கும். "நிரல்ல கார்டை ஒத்தத் தடத்துல ஓட விட்டா சரியாயிடும் மாமா" என்று பையன் கணினியைத் திறந்தான். அது திறந்து முடிப்பதற்குள் அயர்னை வைத்து அந்த விளக்கையே எடுத்துவிட்டேன்.

அப்புறமும் பனி. விடியலில் கண்ணாடிக்கு வெளியே நீர் கோத்து, படமெல்லாம் பால். இரண்டங்குல பி.வி.சி. பைப்பை நாலு விரல் நீளத்துக்கு வெட்டி, உள்ளே கறுப்படித்து, கண்ணாடி முன்னால் குல்லா போல் மாட்டினோம். பாதி குறைந்தது. ஒயர் நுழையும் துளை வழியாக எறும்பு குடியேறியதை எம்-சீல் அடைத்தது. ஒழுங்காக ஓடத் தொடங்கி ஆறாம் இரவு, 1 மணி 52 நிமிஷத்துக்கு, சாம்பல் நிறப் படத்தில், ஆப்பிளைப் பிளந்தது போன்ற வெள்ளை முகத்தோடு ஒன்று கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. கூகை. முழு இருட்டிலும் சத்தத்தை மட்டும் கேட்டு எலியைப் பிடிக்கும் பறவை இது. மாப்பிள்ளை போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இத வீட்ல அம்மாகிட்ட காட்டிடாதீங்க மச்சான்" என்றார். ஆந்தை முகத்தில் விழித்தால் அவருக்கு ஆகாது.

பால் பிடித்த பிறகும் கம்பு நின்றால் நெல் தின்னும் குருவிகளுக்கும் அதுவே இருக்கையாகிவிடும். தை பிறக்க 4 நாள் இருக்கையில் பிடுங்கிவிட்டோம். ஒழுங்காக ஓடியது 38 இரவு. கார்டில் 217 படம். வெறும் சட்டம் 171, வௌவால் 3, புள்ளி ஆந்தை 34, கூகை 9. அந்த ஒன்பதில் எலியோடு இருந்தது ஒன்றே ஒன்று. அதிலும் வால்தான் தெரிகிறது.

அடுத்த சம்பாவுக்கு மாப்பிள்ளை 20 கம்பு வெட்டி மாட்டுக்கொட்டகையில் சாய்த்து வைத்திருக்கிறார். கிட்டிக்காரரையும் வரச் சொல்லியிருக்கிறார்.